கடல் பார்த்த அறை, 250 ரூபாய்த் தண்ணீர்ப் போத்தல்: எதற்கு முறையிடலாம்?

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து குடும்பமாக சனி, ஞாயிறு கொழும்புக்குப் போனோம். பம்பலப்பிட்டியில் கடல் பார்த்த குடும்ப அறை என்று செயலியில் போட்டிருந்த ஹோட்டலில் ஓர் இரவுக்கு 32,000 ரூபாய் முன்கூட்டியே கட்டினோம். போனதும் 'அந்த அறை இல்லை' என்று, பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த சிறிய அறை ஒன்றைத் தந்தார்கள். பணம் திருப்பித் தர முடியாத முன்பதிவு என்றார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு அருகிலுள்ள உணவகத்துக்குப் போனால், பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் வரி. சேவைக் கட்டணம் 1,290 ரூபாய், பகல் கொள்ளை! அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தல் கூட 250 ரூபாய். படங்கள் இணைத்திருக்கிறேன். வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கோபம் முழுவதும் சேவைக் கட்டணத்தின் மேல் இருக்கிறது. வருத்தமான செய்தி, அதில்தான் உங்கள் பக்கம் பலம் குறைவு. போகிற போக்கில் எழுதிய தண்ணீர்ப் போத்தலில்தான் சட்டம் உங்களோடு உறுதியாக நிற்கிறது.

சேவைக் கட்டணம் வாங்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது உணவகத்துக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்த விடயம். முன்கூட்டியே தெரிவித்திருந்தால், ஓடர் கொடுத்தபோதே நீங்கள் சம்மதித்ததாகிவிடும். நீங்கள் அனுப்பிய மெனுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், வட்டிலப்பத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி: விலைகளுடன் சேவைக் கட்டணமும் அரச வரிகளும் சேரும் என்று. அவ்வளவு சின்ன எழுத்து நியாயமா என்று வாதாடலாம். ஆனால் 1,290 ரூபாய்க்காக அந்த வாதத்தை நான் எடுக்க மாட்டேன். மெனுவில் அப்படி ஒரு வரியே இல்லாதிருந்தால் கதை வேறு. பில் வந்த இடத்திலேயே அதைக் கழிக்கச் சொல்லியிருக்கலாம்.

அடுத்து, பில்லில் வரி போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். 2024 ஜனவரி 1 முதல் வற் வரி (பெறுமதி சேர் வரி) 18 வீதம். ஆனால் வற் வரிக்குப் பதிவு செய்த வியாபாரிதான் அதை அறவிடலாம். உங்கள் பில்லில் வற் பதிவு இலக்கம் என் கண்ணுக்குப் படவில்லை. உணவகத்துக்குத் தொலைபேசி எடுத்து இலக்கத்தைக் கேளுங்கள். மழுப்பினால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு எழுதலாம்.

அப்புறம் தண்ணீர். 2025 ஏப்ரலிலிருந்து போத்தல் தண்ணீருக்கு அதிகபட்ச சில்லறை விலை வர்த்தமானியில் இருக்கிறது: 500 மில்லிலீட்டருக்கு 70 ரூபாய். ஏசி, மேசைவிரிப்பு, கடற்காற்று எதைச் சொன்னாலும் 70 ரூபாய் 250 ஆகாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் இது குற்றம். 2021 திருத்தத்துக்குப் பிறகு தனிநபருக்குக் குறைந்தது ஒரு லட்சம், கம்பனிக்குக் குறைந்தது ஐந்து லட்சம் ரூபாய் தண்டம். அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். பில்லில் அளவும் விலையும் தெளிவாக விழுந்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஒன்று மட்டும்: தண்டப்பணம் அரசுக்குப் போகும், உங்கள் கைக்கு வராது.

கைக்குப் பணம் வரக்கூடிய இடம் அறைதான். 'திருப்பித் தர முடியாது' என்பது நீங்கள் மனம் மாறி ரத்துச் செய்தால் செல்லும். அவர்களே சொன்ன அறையைத் தராதபோது அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிய முடியாது. அது ஒப்பந்த மீறல். இல்லாத அறையைக் காட்டி விற்றிருந்தால், அதே 2003 சட்டம் தடுக்கும் தவறான வழிநடத்தலும் ஆகும். ஆனால் அந்த அறையில் இரவு தங்கிவிட்டீர்கள், ஆகவே 32,000 முழுவதையும் கேட்பது சரிவராது. அதே ஹோட்டலின் அதே மாதிரிச் சின்ன அறை செயலியில் என்ன விலை என்று பார்த்து, வித்தியாசத்தைக் கேளுங்கள்.

முதலில் ஹோட்டல் முகாமையாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். முன்பதிவின் திரைப்பிடிப்பு, அறைப் படம், பணம் கட்டிய ரசீது மூன்றின் பிரதிகளும் இணையுங்கள். 14 நாள் தவணை கொடுங்கள். செயலி நிறுவனத்துக்கும் அதையே அனுப்புங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிலும் உடனே ஆட்சேபம் பதியுங்கள். வங்கிகள் இதற்குக் காலக்கெடு வைத்திருக்கும்.

வழக்கு? சட்டத்தரணியாக நான் வாங்கும் கட்டணமே நீங்கள் கேட்கும் தொகையைத் தாண்டிவிடும். ஹோட்டல் பதில் தராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடுங்கள். நட்டஈடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. இதற்காகக் கொழும்புக்கு மறுபடி பஸ் ஏற வேண்டாம், மட்டக்களப்புக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்தில்) அதன் மாவட்ட அலுவலகம் இருக்கிறது. தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் அரசியலமைப்பு உரிமை. ஆனால் முறைப்பாடு சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஹோட்டலின் பதிலுக்காகக் காத்திருந்து அந்த நாளைத் தவற விடாதீர்கள்.