சிலம்பத்துக்கு எந்த ஷட்டர் வேகம்?

அன்புள்ள சார்,

எங்கள் ஊர்க் கொடையில் பையன்கள் சிலம்பம் சுற்றியதைப் படம் எடுத்தேன். 'அசங்காமல் வரணும்னா 1/1000 வை' என்று நண்பர் சொன்னார், வைத்தேன். எல்லாப் படமும் பளிச்சென்று வந்திருக்கிறது. சிலம்பத்தைத்தான் காணோம். யாரோ கம்பைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுப்பதுபோல இருக்கிறது. எந்த வேகம் சரி?

எஸ்., தூத்துக்குடி

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொன்னது கபடிக்குச் சரி. பாய்ந்தவன் அந்தரத்தில் நிற்பதுதான் அங்கே படம். சிலம்பத்துக்கு வேறு கணக்கு. பையன் வினாடிக்கு இரண்டு சுற்று சுற்றுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் திறந்திருக்கிற அந்த 1/1000 வினாடியில் கம்பு ஒரு டிகிரிகூடத் திரும்பாது. 1/30-இல் 24 டிகிரி, விசிறியை லேசாகப் பிரித்த மாதிரி. 1/4-இல் அரைச் சுற்று. கம்பை நடுவில் பிடித்திருந்தால் ஒரு முனை ஒரு பாதியையும் மறுமுனை மறுபாதியையும் வரைந்துவிடும், முழு வட்டம் கிடைக்கும். களத்தில் நம் கண்ணுக்குத் தெரிவதும் கிட்டத்தட்ட அந்த வட்டம்தான்.

சரி, 1/4 வைத்தால் பையனும் சேர்ந்து கலங்கிப் போவானே? போவான். 1838-இல், புகைப்படக் கலையின் முன்னோடியான டாகேர் பாரிஸில் ஒரு பரபரப்பான சாலையைப் படம் எடுத்தார். ஒளி பதியப் பல நிமிடம் ஆன காலம். அதனால் ஓடிய வண்டிகளும் நடந்த ஜனமும் பதியவே இல்லை, சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஷூவுக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டி நின்ற ஒரு மனிதர் மட்டும் பதிந்துவிட்டார். தன்னைப் படம் பிடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா என்ன!

உங்களுக்கு வேண்டியதும் அப்படி நிற்கிற ஒன்றுதான். பையன் காலை ஊன்றி, நின்ற இடத்திலேயே மணிக்கட்டால் சுழற்றுகிற நேரத்துக்குக் காத்திருங்கள். முகம் ஓரளவு நிற்கும், கம்பு மட்டும் கரையும். அவன் நடந்துகொண்டே சுற்றினால் 1/30 வைத்து, கேமராவையும் அவனோடு சேர்த்துத் திருப்புங்கள். இருநூறு எடுத்தால் நாலு தேறும், எனக்கு அவ்வளவுதான் தேறுகிறது. பின்னால் இருக்கும் பந்தல்காலும் சேர்ந்து இரட்டையாகத் தெரிந்தால் அது உங்கள் கை நடுக்கம். ட்ரைபாட் வையுங்கள்.

உச்சி வெயிலில் இதெல்லாம் நடக்காது. ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் திறன்) 100 வைத்து, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப் 16 வரை சுருக்கினாலே சுமார் 1/100 போதும் என்கிற வெளிச்சம் அது. 1/4 என்றால் அதைப்போல 25 மடங்கு ஒளி உள்ளே வரும், படம் வெளுத்துவிடும். லென்ஸ் முன்னால் மாட்டி ஒளியைக் குறைக்கிற என்.டி. ஃபில்டர் வாங்கலாம். காசு செலவில்லாத வழி, பொழுது சாய்ந்த பிறகு எடுப்பது. செல்போனில் ப்ரோ மோடில் எடுப்பவர்களுக்கும் இதுதான் வழி, பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரைச் சுருக்க முடியாது.

அடுத்த கொடை வரை காத்திருக்க வேண்டாம். வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு சாயங்காலப் பயிற்சிக்குப் போங்கள். அப்புறம், கம்பு எட்டும் தூரத்துக்கு இன்னும் நாலடி தள்ளியே நில்லுங்கள். என் லென்ஸ் ஹுட் ஒன்று அப்படித்தான் போயிற்று.