கையில் வந்த மரு புற்றுநோயாக மாறுமா?

விரலில் மரு வந்ததாகவும், டாக்டர் 'ஹெச்பிவி' (மருவை உண்டாக்கும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்றதும் பயந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பயம் வேண்டாம். ஹெச்பிவி ஒரே வைரஸ் அல்ல, 200-க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பெரிய குடும்பம். கை, பாத மருக்களுக்குப் பெரும்பாலும் 1, 2, 4 போன்ற வகைகள் காரணம். பிறப்புறுப்பு மருக்களுக்கு 6, 11. கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதம் 16, 18 ஆம் வகைகளால் வருவது. உங்கள் விரலில் இருப்பது பெரும்பாலும் அந்தப் புற்றுநோய் ரகமாக இருக்காது.

சின்னக் கீறல் வழியாக நுழையும் வைரஸ், தோலின் அடியடுக்குச் செல்களில் தங்கி அவற்றை அதிகமாகப் பெருக வைக்கிறது. அதனால்தான் தோல் தடித்து மேடாகிறது. ரத்தத்தில் கலக்காமல் தோலுக்குள்ளேயே பதுங்கிக் கிடப்பதால், நம் எதிர்ப்பு சக்தி அதைக் கண்டுகொள்ளவே மாதக்கணக்கில் ஆகலாம். கண்டுகொண்டால் மரு தானாகவே மறையும். குழந்தைகளில் பாதிக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் போய்விடும்.

அப்புறம், தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் சீவுவது எல்லாம் வேண்டாம். பக்கத்துத் தோலுக்கும் பரவும். அவசரமென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் சாலிசிலிக் அமிலத்தைச் சில வாரங்கள் விடாமல் தடவிப் பாருங்கள். முகத்திலோ பிறப்புறுப்பிலோ மட்டும் அந்த அமிலத்தைத் தடவவே கூடாது. அங்கே வந்தால் நேரே தோல் டாக்டரிடம்தான்.