அங்கோரில் ஒரே ஒரு காலை – கடிதம்

வணக்கம் ஐயா,

பணி ஓய்வு பெற்ற பிறகு, ஆண்டுக்கு ஒரு நாடு என்று நானும் என் மனைவியும் கிளம்பிவிடுகிறோம். சென்ற மாதம் ஒரு குழுவோடு கம்போடியா போனோம். விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பி, அங்கோர் வாட்டின் குளக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் நூறு கைபேசிகள். சூரியன் வந்தது, படம் எடுத்தோம். மதியத்துக்குள் பேயோன், தா ப்ரோம் என்ற மற்ற இரண்டு கோயில்களும் முடிந்துவிட்டன. படத்தில் பார்த்ததையே மறுபடி பார்த்தது போல இருந்தது, மனம் அசையவில்லை. குறை என்னிடமா? அடுத்த ஆண்டு எகிப்து போகலாம் என்றிருக்கிறோம். அங்கேயும் இப்படித்தான் ஆகுமோ?

கே.
ஈரோடு

அன்புள்ள கே.,

குறை உங்களிடம் இல்லை. உங்களை அங்கே நிறுத்திய வேளையில் இருக்கிறது.

அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். நீங்கள் நின்ற குளக்கரை அதன் முன்புறம். சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழுவதால் அப்போது தெரிவது கறுத்த நிழலுருவம் மட்டும்தான். கோயிலின் முகத்தில் வெயில் விழுவது பிற்பகலில். உலகமே கூடி அந்த முகம் இருண்டிருக்கும் நேரத்தில் அதைப் படம் எடுத்துவிட்டுக் காலை உணவுக்குத் திரும்பிவிடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மூன்று மணிக்கு மேல், கிட்டத்தட்ட 190 மீட்டர் அகலமுள்ள அந்த அகழியைக் கடந்து உள்ளே போனால், சாம்பல் நிறக் கல் மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு மாறுவதைப் பார்க்கலாம்.

இன்னொன்று, அது தள்ளி நின்று பார்க்கக் கட்டிய கோயிலும் அல்ல. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்காக எழுப்பியது. அதன் உயிர் சுற்று மண்டபங்களின் புடைப்புச் சிற்பங்களில் இருக்கிறது. நமக்குப் பழக்கமானது வலம் வருவது. அங்கே சிற்பங்கள் இடமாகச் சுற்றுகிறவருக்காகவே வரிசைப்பட்டிருக்கின்றன. ஈமச் சடங்கில் இடம் சுற்றும் வழக்கத்தோடு ஆய்வாளர்கள் இதை இணைத்துப் பார்ப்பதுண்டு.

இரண்டாம் முறை போனபோது ஒரு முழுப் பிற்பகலை ஒரே சுவரின் முன்னால் கழித்தேன். கிழக்கு மண்டபத்தின் தென்பாதியில், 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி. தெற்கிலிருந்து வருகிறவருக்கு முதலில் வாசுகியின் தலைப்பக்கம். அங்கே 92 அசுரர்கள், உருண்டு பிதுங்கிய கண்களோடு. நடுவில் ஆமை மேல் மத்து மலை, அதன் முன்னால் திருமால். அப்பால் 88 தேவர்கள், அவர்கள் கண்கள் நீண்டு ஒடுங்கியவை. தூரத்தில் எல்லாரும் ஒரே அச்சாகத் தெரிவார்கள். பக்கத்தில் போய் நின்றால்தான் அத்தனை உடல்களும் ஒரே இழுப்பில் பின்னால் சாய்ந்திருப்பது உறைக்கும்.

நான் நகர முடியாமல் நின்ற இடம் அதற்கும் கீழே. கடலில் மீன்களும் முதலைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நீந்துகின்றன. மத்தை நெருங்க நெருங்க அவை அறுபட்டு, துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. மலையைச் சுழற்றினால் கடலுக்குள் இருக்கும் உயிர்கள் என்ன ஆகும் என்று ஒரு சிற்பி யோசித்திருக்கிறான். சிறு வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. வடக்குக் கோடியில் வாலைப் பிடித்திருப்பது ஒரு குரங்கு உருவம், அனுமன் என்கிறார்கள். நம் கதையில் பாற்கடலில் அனுமனுக்கு வேலை இல்லை. கம்போடியாவின் கெமர் மக்கள் கதையை வாங்கித் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் மதியத்துக்குள் மூன்று கோயில் என்ற கணக்கில் எப்படிப் பார்ப்பது? அங்கோருக்கு ஒருநாள் டிக்கெட் 37 டாலர், மூன்று நாளுக்கு 62. அந்த மூன்று நாட்களையும் பத்து நாட்களுக்குள் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். விமானத்துக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் அந்த 25 டாலர் ஒன்றுமே இல்லை. முடிந்தால் இன்னொரு முறை போங்கள், குழு இல்லாமல்.

எகிப்துக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் பெரிய பிரமிடு நிற்கும் கீசாவில் தொடங்காதீர்கள். குழுவினர் கெய்ரோவில் இறங்கிய கையோடு அங்கேதான் கூட்டிப்போவார்கள். படத்தில் பார்த்த அதே முக்கோணம் முன்னால் நிற்கும், உங்களுக்கு மறுபடி அதே ஏமாற்றம் வரும். முதல் நாள் சக்காரா போங்கள். மன்னன் ஜோசருக்காக எழுந்த படிப் பிரமிடு அங்கே இருக்கிறது. அங்கிருந்து தெற்கே தாஷூர். அந்தப் பெரிய பிரமிடைக் கட்டிய மன்னன் கூஃபுவின் தந்தை ஸ்நெஃப்ரு எழுப்பிய வளைந்த பிரமிடு அங்கே நிற்கிறது. ஏறத்தாழ 54 பாகைச் சரிவில் கிளம்பி, பாதி உயரத்தில் 43 பாகைக்குச் சாய்ந்துவிடுகிறது. சரிவு தாங்காது என்று கட்டும்போதே அஞ்சி மாற்றியிருக்க வேண்டும் என்பது பெரும்பாலானோர் கருத்து. அதற்கு வடக்கே, அதே மன்னனின் சிவப்புப் பிரமிடு, அடியிலிருந்தே 43 பாகைச் சரிவில்.

வளைந்த பிரமிடில் சரிவு மாறும் அந்த முறிவுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். அவசரப்படாதீர்கள். மறுநாள் கீசாவுக்குப் போகலாம். போய் வந்து எழுதுங்கள், காத்திருக்கிறேன்.