கேமரா பாடியை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

கேள்வி: சார், நான்கு வருடமாகக் கேனான் 1500டி வைத்திருக்கிறேன். கூடவே வந்த 18-55, 55-250 இரண்டு லென்ஸ்தான். வீட்டு விசேஷம், கோயில் திருவிழா, லீவு கிடைத்தால் வேடந்தாங்கல். போன மாதம் அக்கா மகனுக்குக் காதுகுத்து. நான் எடுத்ததில் பாதிக்கு மேல் மங்கல், பக்கத்தில் நின்று சித்தப்பா மகன் கேனான் 90டியில் எடுத்ததெல்லாம் பளிச். இரண்டு பேர் படத்திலும் ஒவ்வொன்று அனுப்பியிருக்கிறேன். நானும் 90டிக்கு மாறலாமா, இல்லை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) என்று ஆர்10 போகலாமா? மனைவி "இருக்கறதே நல்லாத்தானே இருக்கு" என்கிறார்.
- வாசகர், கும்பகோணம்

பதில்: மடியில் உட்கார வைக்க வேண்டிய தாய்மாமன் கேமராவோடு நின்றது தனிப் பஞ்சாயத்து, அதை உங்கள் அக்காவிடமே விட்டுவிடுகிறேன்.

இரண்டு படத்தின் தகவலையும் திறந்து பார்த்தேன். உங்களுடையது 55 எம்எம், எஃப் 5.6 (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் வழியே வெளிச்சம் கூடும்), ஷட்டர் 1/30 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 6400. அவருடையது 50 எம்எம், எஃப் 2, ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ அதே 6400! அதாவது அவருடைய 90டி இருட்டில் ஒன்றும் கூடுதலாகச் சாதித்துவிடவில்லை, அதில் மாட்டியிருந்த 50 எம்எம் ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) கேமராவோடு வந்த உங்கள் கிட் லென்ஸைப் போல எட்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கிறது, அந்த எட்டு மடங்கும் அப்படியே ஷட்டர் வேகமாகிவிட்டது. பத்தர் ஊசியை எடுத்ததும் பிள்ளை தலையை வெடுக்கென்று திருப்புகிறான், 1/30இல் அது இரண்டு மூக்காகத்தான் பதியும். 1/250இல் கண்ணில் தேங்கி நிற்கிற தண்ணீர் வரைக்கும் தெரிகிறது. அந்த லென்ஸைக் கழற்றி உங்கள் 1500டியில் மாட்டியிருந்தால், மாமா, உங்கள் படமும் ஏறக்குறைய இதேதான்.

அதனால் முதல் வேலை, சித்தப்பா மகனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த லென்ஸைக் கடன் கேளுங்கள். பிடித்திருந்தால் கேனான் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் ஒன்று வாங்கிவிடுங்கள், 90டி பாடி விலையில் அது சின்னப் பங்குதான். இரண்டு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். உங்கள் சென்சாரில் அது 80 எம்எம் மாதிரிதான் நடந்துகொள்ளும், சின்ன ஹாலில் முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போக வேண்டியிருக்கும், குடும்பப் படத்துக்கு அந்தப் பழைய 18-55தான் கை கொடுக்கும். அப்புறம், எஃப் 1.8 இருக்கிறதே என்று எப்போதும் அதிலேயே வைக்காதீர்கள். கிட்டத்தில் நின்று எடுத்தால் ஒரு கண் ஷார்ப்பாக இருக்கும், மறு கண் கரைந்துபோயிருக்கும். 2.2, 2.8 என்று கொஞ்சம் மூடிக்கொள்ளுங்கள். 1500டியில் இருக்கிற ஒன்பது ஃபோகஸ் புள்ளியில் நடுப்புள்ளி ஒன்றுதான் கிராஸ் டைப் (நெடுக்கும் குறுக்கும் பார்த்து ஃபோகஸ் பிடிக்கிற வகை), மங்கல் வெளிச்சத்தில் அதை மட்டும் நம்புங்கள்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. பல வருடம் முன்பு கையில் இருந்த காசையெல்லாம் போட்டு நானும் பாடியைத்தான் மாற்றினேன், லென்ஸ் வாங்க மிச்சமில்லை. ஒரு வருடம் முழுக்க அதே இருட்டுப் படங்களைக் கூடுதல் மெகாபிக்சலில் எடுத்துக்கொண்டிருந்தேன். மெகாபிக்சல் என்றதும் ஞாபகம் வருகிறது, 24இலிருந்து 32.5 என்பது கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் படத்தின் அகலம் 6000 புள்ளியிலிருந்து 6960 ஆகிறது, அவ்வளவுதான். 12x18 அளவுக்கு நல்ல தரத்தில் பிரிண்ட் போட 5400 போதும், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சரி, அப்படியென்றால் பாடியை மாற்றவே வேண்டாமா? வேடந்தாங்கல் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் பேச்சு மாறுகிறது. பகல் வெளிச்சத்தில் 55-250ஐ எஃப் 5.6இல் வைத்தாலும் 1/1600 தாராளமாகக் கிடைக்கும், வெளிச்சம் அங்கே பிரச்சினையே இல்லை. மஞ்சள் மூக்கு நாரை கூட்டில் இறங்கும்போது இறக்கையை விரித்துக் காலை முன்னால் நீட்டும் பாருங்கள், அது முழுசாக ஒரு நொடி கூட இல்லை. உங்கள் கேமரா நொடிக்கு மூன்று படம் எடுக்கும், 90டி பத்து எடுக்கும். அதன் 45 ஃபோகஸ் புள்ளியும் கிராஸ் டைப், பறவை நடுவிலிருந்து விலகினாலும் விடாமல் தொடரும். 1500டியில் நாரை நடுப்புள்ளியை விட்டு நகர்ந்ததும் ஃபோகஸ் பின்னால் இருக்கிற கருவேல மரத்துக்குத் தாவிவிடும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதை எந்த லென்ஸ் வாங்கியும் சரிசெய்ய முடியாது.

ஆகவே பழைய மெமரி கார்டுகளைத் திறந்து, கெட்டுப்போன படங்களை மட்டும் ஒரு இருநூறு பாருங்கள். அதிகமும் வீட்டுக்குள்ளே, இருட்டில், ஆள் அசைந்து கெட்டவை என்றால் 50 எம்எம் போதும், மனைவி சொல்வதுதான் சரி. அதிகமும் பறக்கிற பறவை, ஃபோகஸ் தப்பியவை என்றால் பாடியை மாற்றுங்கள். அப்போதும் நான் புதிதாக 90டி வாங்க மாட்டேன். 2019இல் வந்த கேமரா அது, 2020க்குப் பிறகு கேனான் புது டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகை) எதையும் இறக்கவில்லை. 2022இல் வந்த ஆர்10 பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்கிறது, மெக்கானிக்கல் ஷட்டரிலேயே நொடிக்கு 15 படம். ஓர் அடாப்டர் போட்டால் உங்கள் பழைய லென்ஸ்கள் எல்லாம் அதில் வேலை செய்யும். பேட்டரி சீக்கிரம் தீரும், ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் நிக்கான் டி5600. பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸ் மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன், ஆட்டோஃபோகஸ் ஆகவே மாட்டேன் என்கிறது. பழுதா? டி7500க்கு மாறினால் சரியாகுமா? அதில் மெகாபிக்சல் வேறு குறைவாகப் போட்டிருக்கிறதே.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: பழுது இல்லை, மோட்டார் இல்லை. அந்த வகை லென்ஸை உள்ளிருந்து திருப்ப பாடியில் ஒரு மோட்டார் வேண்டும், நிக்கானின் 3000, 5000 வரிசைகளில் அது கிடையாது, டி7500இல் உண்டு. ஆனால் ஒரு பழைய லென்ஸுக்காகப் பாடியை மாற்றுவது, பித்தானுக்காகச் சட்டை தைக்கிற கதை. அதைக் கொடுத்துவிட்டு, மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிற 1.8ஜி வாங்குங்கள். மெகாபிக்சல் விஷயத்தில் நீங்கள் பார்த்தது சரிதான், டி5600இல் 24.2, அதைவிட விலை கூடிய டி7500இல் 20.9. கூடுதல் காசு வேறு இடத்துக்குப் போகிறது: நொடிக்கு எட்டுப் படம், 51 ஃபோகஸ் புள்ளி, இரண்டு டயல், கண்ணாடிப் பிரிசம் வைத்த பெரிய வியூஃபைண்டர். இதெல்லாம் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், அட்டைப்பெட்டியில் தெரியாது.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் நடுத்தர ரக பாடி ஒன்று பேசி வைத்திருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். நிக்கான் என்றால் எடுத்த படத்தின் தகவலிலேயே அந்த எண் ஒளிந்திருக்கும். கேனானில் பெரும்பாலும் அப்படி வராது, கேபிள் போட்டு மென்பொருளில்தான் பார்க்க வேண்டும். 90டி ஷட்டருக்குச் சொல்லப்பட்ட ஆயுள் 1,20,000. கல்யாண சீசனில் ஓடிய கேமரா என்றால் அதெல்லாம் சீக்கிரம் நெருங்கிவிடும். நீங்கள் கடலோர ஊர்க்காரர், லென்ஸோடு வந்தால் செல்போன் டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து உள்ளே சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேரமே பேசாதீர்கள்.

கேள்வி: 1500டிக்கு மலிவான ஃப்ளாஷ் ஒன்று வாங்கினேன், வெடிக்கவே இல்லை. நண்பனின் பழைய கேமராவில் வெடிக்கிறது!
- வாசகர், ஓசூர்

பதில்: கேமரா தலையில் ஃப்ளாஷ் மாட்டுகிற இடத்தை உற்றுப் பாருங்கள். நட்டநடுவில் பெரிதாக ஓர் உலோகப் புள்ளி இருக்க வேண்டும். பின்னாளில் வந்த 1500டி பாடிகளில் கேனான் அதை எடுத்துவிட்டது. அந்த ஒற்றைப் புள்ளியை மட்டும் நம்பி வேலை செய்கிற மலிவு ஃப்ளாஷும் டிரிக்கரும் (ஃப்ளாஷைத் தள்ளி வைத்து வெடிக்க வைக்கிற கருவி) அதில் செத்த பிணம்தான். கேனானுக்கென்றே வருகிற, வெளிச்சத்தின் அளவைக் கேமராவே முடிவுசெய்கிற டிடிஎல் ஃப்ளாஷ் வாங்குங்கள், கேமராவைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய், மாட்டி, இரண்டு தடவை வெடிக்க வைத்துப் பார்த்த பிறகு காசை எண்ணுங்கள். கடைக்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.