விமானி பதில்கள்: கடலின் மேல் பறக்க எதை உடுத்துவது?

கேள்வி: விமானி உரிமம் பெற்று ஓராண்டாகிறது. வரும் மே மாதம் மனைவியுடன் செஸ்னா 172 விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்குச் செல்ல எண்ணியுள்ளேன். வெயில் காலம் என்பதால் வழக்கமான உடையே போதும் என்றும், லைஃப் ஜாக்கெட்டுகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்கிறேன். சரிதானா?
(வாசகர், கென்ட், இங்கிலாந்து)

பதில்: இரண்டுமே சரியல்ல. டோவருக்கும் பிரெஞ்சுக் கரைக்கும் இடையே கால்வாய் மிகக் குறுகிய இடத்திலேயே 33 கிலோமீட்டர் அகலம் கொண்டது. இன்ஜின் நின்றுவிட்டால், காற்றில்லாத நாளில் உங்கள் விமானம் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கடல் மைல் (சுமார் 2.8 கிலோமீட்டர்) தூரம்தான் சறுக்கிச் செல்லும். ஆகவே 3,000 அடியில் பறந்தால், நடுவே சுமார் 16 கிலோமீட்டர் தூரத்துக்கு எந்தக் கரையும் எட்டாது. வான்வெளி விதிகளும் மேகமும் இடம் கொடுக்கும் மட்டும் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

உடையைக் கடலுக்காகத் தேர்ந்தெடுங்கள். கரையில் 20 டிகிரி வெயில் அடிக்கும் மே மாதத்திலும் அங்கே நீர் 11, 12 டிகிரி அளவிலேயே இருக்கும். அந்தக் குளிரில் விழுந்தவருக்கு முதல் ஓரிரு நிமிடங்கள் மூச்சு கட்டுக்கடங்காமல் இரைக்கும். பத்து நிமிடங்களுக்குள் விரல்கள் மரத்து, கயிற்றைப் பிடிப்பதுகூடக் கடினமாகிவிடும். எனவே இருவரும் கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக மூடிய நீர்புகா முழு உடையை அணிய வேண்டும். அது நீரைத்தான் தடுக்கும், வெப்பம் தராது என்பதால் உள்ளே கம்பளி உடை தேவை. நைலான் வேண்டாம், தீப்பற்றினால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

லைஃப் ஜாக்கெட்டை இன்ஜினை இயக்கும் முன்பே அணிந்துகொள்ளுங்கள். கவிழ்ந்த விமானத்துக்குள் பின்னிருக்கையைத் துழாவ நேரமிராது. படகில் செல்வோர் அணியும், நீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் ஜாக்கெட் வகை வேண்டவே வேண்டாம். 1996 நவம்பர் 23 அன்று, கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் தீவருகே கடலில் இறங்கியபோது, உள்ளேயே ஜாக்கெட்டை ஊதிக்கொண்ட பயணிகள் கூரையோடு மிதந்து, வெளியேற வழியின்றிச் சிக்கினர். வெளியே வந்த பிறகே ஊத வேண்டும் என்பதை உங்கள் மனைவிக்குத் தரையிலேயே சொல்லி, கண்ணை மூடியபடி பெல்ட்டை அவிழ்த்துக் கதவைத் திறந்து இறங்கும் பயிற்சியை இரண்டு மூன்று முறை செய்ய வையுங்கள். என் அனுபவத்தில் பலர் தவிர்த்துவிடுவது இந்தப் பத்து நிமிடப் பயிற்சியைத்தான். மீட்புக் குழுவுக்கு உங்கள் இருப்பிடத்தை அறிவிக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் குறிப்பலைக் கருவி பையில் அல்ல, உங்கள் உடலில் இருக்கட்டும். அதை உங்கள் பெயரில் பதிவு செய்யவும் மறவாதீர்கள்.

கேள்வி: பறக்கப் பழகும் என் மகள், நாள்தோறும் காலையில் இறக்கையடியிலிருந்து எரிபொருளைக் குவளையில் பிடித்துப் பார்ப்பதாகச் சொல்கிறாள். எதற்காக?
(வாசகி, மதுரை)

பதில்: நீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. பாதி நிரம்பிய டாங்கியில் இரவுக் குளிரில் ஈரம் படியும்; தேய்ந்த மூடி வழியே மழைநீரும் இறங்கும். நீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கி, இன்ஜினுக்கு முதலில் போய்ச் சேரும். விமான பெட்ரோலில் பெரிதும் பயன்படும் 100எல்எல் என்ற ஈயம் குறைந்த வகைக்கு நீல நிறம் ஊட்டியிருப்பார்கள். குவளை முழுவதும் நீராகவே வந்தால், நீருக்கும் பெட்ரோலுக்கும் இடையிலான பிரிவுக்கோடு தெரியாது. நிறமின்மைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். அப்படி வந்தால், தூய நீல நிறம் வரும்வரை மீண்டும் மீண்டும் வடித்துப் பார்க்க வேண்டும். நீர் நிற்கவில்லையெனில் அன்று அந்த விமானத்தில் ஏறக் கூடாது.