மாதிரி மின்மோட்டாரின் இரும்பு உள்ளகம்: கேள்வி பதில்

கேள்வி: மின்காந்தத்தின் இழுவிசை போதவில்லை. 200 சுற்றுகளை 400 ஆக்கலாமா?

பதில்: விசை கூடாது. அதே கம்பியில் சுற்றுகளை இரட்டித்தால் மின்தடையும் ஏறத்தாழ இரட்டித்து, மின்னோட்டம் பாதியாகிவிடும். ஆகவே ஆம்பியரையும் சுற்றையும் பெருக்கி வரும் தொகை மாறாது. சூடு பாதியாகும், மின்கலம் நீடித்து உழைக்கும் என்பதே ஆதாயம். விசை வேண்டுமென்றால் தடித்த கம்பிக்கு மாறுங்கள். அதற்கும் முன்னதாகச் சுழலிக்கும் காந்த முனைக்கும் நடுவிலுள்ள காற்று இடைவெளியை அளந்து பாருங்கள். 1 மி.மீ. காற்றில் 1 டெஸ்லா புலத்தை உண்டாக்க ஏறத்தாழ 800 ஆம்பியர்-சுற்றுகள் செலவாகும். நல்ல தேனிரும்பில் அதே தொலைவுக்கு ஒன்றுகூட வேண்டியதில்லை. அச்சை நேராக்கி இடைவெளியைப் பாதியாகக் குறைப்பது, கம்பி வாங்குவதைவிட மலிவானது.

கேள்வி: உள்ளகத்துக்குக் கடையில் கிடைக்கும் போல்ட் போதுமா?

பதில்: கடினமாக்கிய எஃகு போல்ட் வேண்டாம். மின்னோட்டம் நின்ற பின்னும் காந்தத்தை அது பிடித்து வைத்துக்கொள்வதால், திசை மாறும் ஒவ்வொரு முறையும் பழைய காந்தத்தை அழிக்கவே ஆற்றல் வீணாகும். சாதாரண இரும்பு ஆணியைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் நன்கு மென்மையாகும். துத்தநாகம் பூசிய ஆணியை மட்டும் காய்ச்சாதீர்கள்; அதன் புகை உடலுக்குக் கேடு.

கேள்வி: எத்தனை சுற்று சுற்றினால் நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இடைவெளியை அளந்தீர்களா?

கேள்வி: மின்கலத்தில் ஓடும் மோட்டாருக்குத் தகடு அடுக்கிய உள்ளகம் எதற்கு? என் மோட்டார் முழு இரும்புத் துண்டில் நன்றாகவே ஓடுகிறது.

பதில்: அசையாத காந்தத்தில் புலம் பெரும்பாலும் நிலையாக இருப்பதால் அங்கே முழு இரும்பு போதும். சுழலியின் நிலை வேறு: மின்கலம் நேர்மின்னோட்டமே தந்தாலும், இருமுனை மோட்டாரில் சுழலியின் இரும்பு ஒவ்வோர் அரைச் சுற்றுக்கும் எதிர்த்திசையில் காந்தமேறுகிறது. இப்படி மாறும் புலம் இரும்புக்குள்ளேயே வட்டமிட்டோடும் ‘சுழல் மின்னோட்டத்தை’ உண்டாக்கி அதைச் சூடாக்கும்; ஒன்றிலிருந்து ஒன்று காப்பிடப்பட்ட தகடுகள் அந்த ஓட்டத்தை மட்டுப்படுத்தும்.

மறுகேள்வி: அப்படியானால் என் மோட்டார் ஏன் சூடாகவில்லை?

பதில்: நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் புலம் நொடிக்கு 5 முறைதான் மாறிமீள்கிறது. 3000 சுற்றில் அது 50 ஆகும். சுழல் மின்னோட்ட இழப்பு அதிர்வெண்ணின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அதே புலத்தில் நூறு மடங்காகும். தகட்டின் தடிமனுக்கும் அதே இருமடிக் கணக்குதான். பழைய டிரான்ஸ்பார்மரின் அரை மி.மீ. தகடுகளை வெட்டி, அச்சுக்குச் செங்குத்தாக அடுக்குங்கள்; வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறுகளை அரத்தால் நீக்கி வார்னிஷ் பூசாவிட்டால், தகடுகள் ஒன்றையொன்று தொட்டு மறுபடியும் முழு இரும்பாகவே நடந்துகொள்ளும்.

கேள்வி: 230 வோல்ட்டில் நேரடியாக இணைக்கலாமா?

பதில்: கூடாது, உயிருக்கு ஆபத்து.