79 வெள்ளிக்கு டேப்லெட், 95 வெள்ளிக்கு ஒரு கேமா?

கேள்வி: என் மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். போன தீபாவளிக்கு அவனுடைய சித்தப்பா பிளேஸ்டேஷன் 5 என்ற கேம் கருவி வாங்கிக் கொடுத்தார். இப்போது புதிதாக வந்திருக்கும் ஒரு கேம் வேண்டுமாம். விலை 95 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). போன மாதம்தான் 79 வெள்ளிக்கு ஒரு டேப்லெட்டே வாங்கினேன். திரை, பேட்டரி, கேமரா எல்லாம் உள்ள பொருளைவிட ஒரு டிஸ்க் எப்படி விலை கூட இருக்கும்? “பகல் கொள்ளை” என்கிறார் கணவர். பசார் மாலாம் இரவுச் சந்தையில் 400 கேம் உள்ள கையடக்கக் கருவியை 20 வெள்ளிக்கு விற்கிறார்கள். அதை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாமா?
– ஒரு தாய், ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

பதில்: சகோதரி, அந்தக் கையடக்கக் கருவியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். உங்கள் கேள்விக்கான பாதி விடை அதற்குள்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட கருவிகளை இயக்கிப் பார்த்தால் பட்டியலில் நூற்றுக்கணக்கான பெயர்கள் வரும். உள்ளே போனால் ஒரே கேம் நாலைந்து பெயர்களில் இருக்கும். ஒன்று முதல் கட்டத்திலிருந்து தொடங்கும், இன்னொன்று மூன்றாம் கட்டத்திலிருந்து. மற்றவை பெரும்பாலும் 1980களில் வந்த பழைய கேம்களின் திருட்டு நகல்கள். அவற்றை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு காசு போவதில்லை. பிளாஸ்டிக், சின்னத் திரை, பேட்டரி, கப்பல் கூலி, கடைக்காரரின் லாபம், இவ்வளவுக்குத்தான் அந்த 20 வெள்ளி.

டேப்லெட்டின் கதை வேறு. அது திருட்டுப் பொருள் அல்ல. ஆனால் அதன் விலை உதிரிப் பாகங்களின் விலையை ஒட்டியே போகிறது. சில ஆண்டுகளுக்கு முன் புதிதாக இருந்த சிப்பும் திரையும் இன்று லட்சக்கணக்கில் தயாராகி மலிந்துவிட்டன. அவற்றைக் கோத்து ஒரு பெட்டியில் போட்டால் 79 வெள்ளிக்குக் கொடுக்க முடிகிறது. கட்டுப்படியாக வேண்டும் என்பதற்காக நினைவகத்தைக் குறைத்திருப்பார்கள். மென்பொருள் மேம்பாடும் வெகுநாள் வராது. வாங்கியது வாங்கியாகிவிட்டது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: கூட வந்த சார்ஜரைத் திருப்பி, சிங்கப்பூரின் ‘சேஃப்டி மார்க்’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முத்திரை உள்ள ஒன்றை வாங்கி மாற்றிவிடுங்கள். இதில் சிக்கனம் வேண்டாம்.

இப்போது கேமுக்கு வருவோம். டிஸ்க்கைத் தயாரிக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். உங்கள் கணவர் சொல்வது அந்த அளவில் சரி. ஆனால் காசு போவது டிஸ்க்குக்கு அல்ல. 2023இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு வழக்கில், பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி நிறுவனம் சில ஆவணங்களைத் தாக்கல் செய்தது. ரகசிய எண்களைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். ஆனால் ஸ்கேன் செய்த பக்கங்களில் மைக்கு அடியில் இருந்த எழுத்து தெரிந்துவிட்டது. ‘ஹொரைசன் ஃபோர்பிடன் வெஸ்ட்’ என்ற ஒரே கேமுக்கு 5 ஆண்டுகள், சுமார் 300 முழுநேர ஊழியர்கள், 212 மில்லியன் அமெரிக்க டாலர். முதல் பிரதி வெளிவருவதற்கே இவ்வளவு. டேப்லெட்டில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பாகம் வாங்க வேண்டும். கேமிலோ செலவெல்லாம் முன்கூட்டியே முடிந்துவிடுகிறது, அதை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் பிரித்து வசூலிக்கிறார்கள். நம் ஊர் ஜிஎஸ்டி 9 விழுக்காடு, இரண்டுக்கும் உண்டு.

இன்னொன்றையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அமெரிக்காவில் பெரிய கேம்களின் விலை 2005 வாக்கில் 60 டாலருக்கு வந்து, சுமார் 15 ஆண்டுகள் அங்கேயே நின்றது. 2020இல்தான் 70 ஆனது. இந்த இடைவெளியில் நம் கோப்பிக்கடையில் எது விலை ஏறாமல் இருந்தது? எனக்கு இது கொள்ளையாகப் படவில்லை. நூற்றுக்கணக்கான ஓவியர்கள், இசைக்கலைஞர்கள், நிரலாளர்களின் உழைப்பு அது. நம் பிள்ளைகள் அதற்குக் காசு கொடுக்கப் பழகுவது நல்லதுதான்.

அதற்காக வெளிவந்த வாரமே 95 வெள்ளியைக் கொட்ட வேண்டியதில்லை. இந்த விலை ஆர்வத்துக்கான விலை. கொஞ்சம் ஆறப்போட்டால், பெரும்பாலான பிளேஸ்டேஷன் கேம்கள் ஓராண்டுக்குள் நன்றாக இறங்கிவிடும். (நிண்டெண்டோ என்ற இன்னொரு கேம் நிறுவனம் சொந்தமாக வெளியிடும் கேம்கள் அவ்வளவு சீக்கிரம் இறங்காது; நாளைக்கு அவன் அதையும் கேட்டால் நினைவில் இருக்கட்டும்.) சித்தப்பா கொடுத்த கருவியில் டிஸ்க் போடும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில மாடல்களில் கிடையாது. இருந்தால் டிஸ்க்காகவே வாங்குங்கள். ஆடி முடித்ததும் கரோசல் இணையச் சந்தையில் விற்கலாம், அங்கேயே பழையதாகவும் வாங்கலாம். இணையத்தில் பதிவிறக்கியதை விற்க முடியாது.

யார் காசு என்பதும் முக்கியம். தீபாவளிக்கு உறையில் வைத்துக் கொடுத்த அங் பாவ் அன்பளிப்புப் பணத்திலிருந்து பாதியை அவன் போடட்டும், மீதியை நீங்கள் போடுங்கள். சொந்தக் காசு என்றதும், இப்போதே வேண்டுமா, ஆறு மாதம் பொறுக்கலாமா என்று அவனே கணக்குப் போடுவான். வாங்கும் முன் உறையில் ‘எம்18’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது 18 வயதானவர்களுக்கு உரியது. அவன் வயதுக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நீங்கள் பயப்பட வேண்டியது அந்த 95 வெள்ளிக்கு அல்ல, சகோதரி. அந்த டேப்லெட்டில் ‘இலவசம்’ என்று இறங்கும் கேம்களுக்குத்தான். உள்ளே போனபின் கதாபாத்திரத்தின் உடைக்கு 3 வெள்ளி, பரிசுப் பெட்டி திறக்க 5 வெள்ளி என்று கேட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத பெட்டிக்குப் பிள்ளைகளிடம் காசு வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. விலையை முன்னாலேயே சொல்லிவிடுகிற டிஸ்க் எவ்வளவோ மேல். இன்று இரவே டேப்லெட்டை எடுத்து, எது வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிடுங்கள். உங்கள் வங்கி அட்டையின் எண் அதில் பதிவாகியிருந்தால் நீக்கிவிடுங்கள். பிளேஸ்டேஷனிலும் அப்படியே செய்யுங்கள்.